ஜவ்வாது மலை, ஐப்பசி

அக்டோபர் 22
மழை விடவில்லை. வலி கண்ட மேல்வீட்டுப் பெண்ணை டோலி கட்டித்தான் ரோடு வரைக்கும் இறக்கினோம். ஊர்ச் சுகாதாரப் பணியாளராக நானும் ஆஸ்பத்திரிக்குக் கூடப் போனேன்.

அக்டோபர் 23
பெண் பிள்ளை. 2 கிலோ 700. அழவே இல்லை. "வயித்துக்குள்ளேயே போயிடுச்சு, நாளாயிருக்கும்" என்று ஆஸ்பத்திரியில் துணியில் சுற்றி அப்பன்காரன் கையில் கொடுத்துவிட்டார்கள். நான் துணியை விலக்கிப் பார்த்தேன். தோல் எங்கேயும் உரியவில்லை, கொப்புளம் இல்லை, உள்ளங்கால் ரேகைகூட அப்படியே இருந்தது. நாள் கணக்காக உள்ளே இறந்து கிடந்த பிள்ளைக்குத் தொட்டாலே தோல் வழன்று வரும். வலி கண்டபோது இவள் உயிரோடு இருந்திருக்கிறாள்.

அக்டோபர் 24
வலி நேரத்தில் அரை மணிக்கு ஒரு தரம் வயிற்றுப் பிள்ளையின் இதயத் துடிப்பைக் கேட்க வேண்டும். முக்கும்போது ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம். துடிப்பு நிமிஷத்துக்கு 110-க்குக் கீழே போனால் உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும். என்னைப் பிரசவ அறைக்குள் விடவில்லை. அவளைக் கேட்டால், "ஒரு தடவ வச்சுப் பாத்தாங்கக்கா. அப்புறம் யாரும் வரல" என்கிறாள்.
இறந்து பிறந்த பிள்ளையைப் பதியும் படிவம் 3-ல் காரணம் எழுத ஒரு கட்டம் உண்டு. தெரியவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். தோலைப் பார்த்தவர்களுக்கா தெரியாது?

அக்டோபர் 25
பால் கட்டிக்கொண்டது. ரவிக்கை நனைந்து, காய்ச்சல் வேறு. பிள்ளை இல்லாவிட்டாலும் பால் வரும் என்று அவளிடம் யாருமே சொல்லி அனுப்பவில்லை. "யாருக்குக்கா இது?" என்று கேட்டாள். ஈரத்துணி போட்டேன், கல்லாகிவிடாமல் கொஞ்சமாகப் பீய்ச்சிவிடச் சொன்னேன். அவள் அம்மா கீழே ஆள் அனுப்பி மல்லிகைப்பூ வாங்கிவரச் சொல்லியிருக்கிறார், மார்பில் வைத்துக் கட்ட. கட்டட்டும். வேலூரில் டாக்டர்களே சோதித்துப் பார்த்த வைத்தியம்தான் அது.

அக்டோபர் 26
கீழ்த்தெருவில் பிறந்த பிள்ளைக்கு இன்று மூன்றாம் நாள். 1 கிலோ 900. ஆயா சேனை வைக்கச் சர்க்கரைத் தண்ணீரோடு தயாராக நின்றது, குளிப்பாட்ட வெந்நீரும் காய்கிறது. இரண்டையும் நிறுத்திவிட்டு, பிள்ளையைத் தாய் நெஞ்சோடு ஒட்டிப் போர்த்திவிட்டு வந்தேன். இந்த எடைக்குச் சூடுதான் உயிர். மகாராஷ்டிராவில் கட்சிரோலியில் டாக்டர் அபய் பங், ராணி பங் தம்பதி கிராமத்துப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து வீடு வீடாக அனுப்பியதில், பிறந்த மாதத்துக்குள் இறக்கும் பிள்ளைகள் 62 சதவீதம் குறைந்தார்களாம். 1999-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. பயிற்சியில் கேட்டபோது உடம்பு சிலிர்த்தது.
பிள்ளை பிறந்த 3, 7, 14, 21, 28, 42-ஆம் நாட்களில் வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். இது பிள்ளை இருக்கும் வீட்டுக்கான கணக்கு. மேல்வீட்டுக்கும் இதே நாட்களில் போவேன்.

அக்டோபர் 29
தோல் உரியவில்லை.

அக்டோபர் 30
கீழ்த்தெருப் பிள்ளை நன்றாகக் குடிக்கிறது.
கூட்டத்தில் எழுந்து கேட்டுவிட்டேன். தாய் செத்தால் கலெக்டர் வரைக்கும் விசாரணை போகிறது, மேல்வீட்டுப் பிள்ளைக்கு அந்த ராத்திரி யார் டூட்டி என்றாவது கேட்கக் கூடாதா என்று. "உட்காரும்மா" என்றார்கள்.

நவம்பர் 1
"மொகம் எப்படிக்கா இருந்துச்சு?" அவளிடம் காட்டாமலேயே புதைத்திருக்கிறார்கள். முடி நிறைய இருந்தது, மூக்கு உன் மூக்குதான் என்றேன். திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னாள். சொன்னேன்.

நவம்பர் 2
ராத்திரி 9 மணி. பக்கத்து ஊரில் ஒருத்திக்குப் பனிக்குடம் உடைந்துவிட்டதாம். 108-க்குச் சொல்லியாயிற்று, ஓடையில் தண்ணீர் வடிந்திருக்கிறது. நானும் ஏறுகிறேன். இந்தத் தடவை வெளியே நிற்கச் சொன்னால் நிற்க மாட்டேன்.