நான் கீழ்ப்படிவேன் என்றேன்

மார்மன் சபை என்று பலர் சொல்லும் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை எங்களுடையது. மிஷன், அதாவது வேறு ஊரில் தங்கிச் சுவிசேஷம் சொல்லும் ஊழியம், முடித்து வந்தவர்களிடம் சபையில் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: அங்கே உனக்கு மறக்க முடியாத அனுபவம் எது? மாதத்தின் முதல் ஞாயிறு, உபவாசக் கூட்டத்தில் சாட்சி சொல்ல எழுந்தால் நானும் எதையாவது சொல்வேன். 2020 ஜனவரியில் டால் எரிமலை வெடித்த பிறகு, முகக்கவசம் போட்டுக்கொண்டு சபையாரின் வீடுகளில் சாம்பல் கூட்டப் போனது. தகலோக் மொழியில் முதல்முறை திக்காமல் ஜெபம் பண்ணியது. எல்லாம் நடந்தவைதான். ஆனால் என்னை விடாமல் இருப்பது பிலிப்பைன்ஸின் கலாம்பா ஊரில் ஒரு பெட்டிக்கடைக்குப் பின்னால் நடந்த பேச்சு. அதை இதுவரை சபையில் சொன்னதில்லை.

கடையை நடத்திய அக்கா கேட்டார்: “நீங்க என் இடத்துல இருந்தா என்ன செய்வீங்க, சிஸ்டர்?”

“நான் கீழ்ப்படிவேன்” என்றேன்.

உடனே சொன்னேன். ஜோடியாக ஊழியம் செய்யும் என் கம்பானியன் பக்கத்தில் இருந்தாள். அவள் என்னைப் பார்த்தாள், எதுவும் பேசவில்லை. அக்கா தலையசைத்தார். அதற்குள் யாரோ ஷாம்பு பாக்கெட் கேட்டு வந்ததால் எழுந்து போய்க் கொடுத்துவிட்டு வந்தார். பிறகு ஜெபம் செய்து கிளம்பிவிட்டோம்.

எங்கள் வேலை தெரிந்தவர்களுக்கு மீதியை நான் சொல்ல வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அக்காவுக்குச் சின்ன வயதில் கல்யாணமானது. அந்தக் கணவர் வேறொரு தீவுக்கு வேலைக்குப் போய் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டார். அதற்குப் பல வருடங்கள் கழித்து, ஆட்டோ மாதிரி வாடகைக்கு ஓடும் டிரைசிக்கிளை ஓட்டும் ஒருவரோடு அக்கா வாழத் தொடங்கினார். மூன்று பிள்ளைகளும் இவருக்குப் பிறந்தவர்கள். ஊரில் எல்லோருக்கும் இவர்கள் கணவன் மனைவிதான். சட்டத்துக்கு மட்டும் இல்லை. வாடிகனை விட்டால் விவாகரத்துச் சட்டமே இல்லாத நாடு பிலிப்பைன்ஸ். முஸ்லிம்களுக்கு 1977-இல் வந்த தனிச் சட்டம் இருக்கிறது, மற்றவர்களுக்கு வழியில்லை. திருமணமே செல்லாது என்று கோர்ட்டில் தீர்ப்பு வாங்கலாம். அதற்கு வக்கீல், மனநல நிபுணரின் அறிக்கை என்று செலவு லட்சம் பேசோவைத் தாண்டிவிடும் என்பார்கள். கணவர் நான்கு வருடம் எங்கே என்று தெரியாமல் போயிருந்தால், இறந்தவராகக் கருதச் சொல்லி மனுப் போட இடமுண்டு. ஆனால் இந்த மனிதர் எங்கே இருக்கிறார் என்று எல்லோருக்கும் தெரியும்.

ஞானஸ்நானத்துக்கு முன் நாங்கள் கற்பிக்கும் பாடங்களில் கற்பு நியாயப்பிரமாணமும் ஒன்று. சட்டப்படி திருமணமாகாமல் சேர்ந்து வாழ்பவர்கள் திருமணம் செய்துகொள்ள வேண்டும், இல்லையென்றால் பிரிந்து வாழ வேண்டும். அக்காவுக்கு முதலாவது முடியாது. இரண்டாவதுதான் மிச்சம்.

அந்தப் பாடம் வரைக்கும் எல்லாமே அவ்வளவு நன்றாகப் போனது. எங்கள் சபையில் காபியும் புகையிலையும் கூடாது. காபியை விடச் சொன்னபோது ஒரே வாரத்தில் விட்டார். கடையில் முன்னால் தொங்குவதே காபி பாக்கெட் சரம்தான், பக்கத்திலேயே ஒவ்வொன்றாக விற்கும் சிகரெட். நான் குடிக்காமல் இருக்கிறேன், விற்கலாமா என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு எங்கள் இருவருக்குமே சரியான பதில் தெரியவில்லை. ஞாயிறு காலையில் கடையைப் பூட்டிவிட்டுப் பிள்ளைகளோடு சபைக்கு வருவார். ஞாயிறு வியாபாரம் போனால் என்ன ஆகும் என்று எங்களிடம் சொல்லிக் காட்டியதே இல்லை.

முதல் சந்திப்பிலேயே அவரைப் பிடித்து நிறுத்தியது குடும்பத்தைப் பற்றிய போதனை. மரணத்துக்குப் பிறகும் கணவன், மனைவி, பிள்ளைகள் ஒன்றாக இருக்கலாம், அப்படிக் குடும்பத்தை இணைக்கும் முத்திரிப்பு என்ற சடங்கு எங்கள் டெம்பிளில், அதாவது ஆலயத்தில், நடக்கிறது என்று நான்தான் சொன்னேன். 1984-இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட மணிலா டெம்பிளின் படம் ஒன்றைக் கொடுத்தேன். அதைக் கடையில் சோப்பு அடுக்குக்கு மேலே ஒட்டி வைத்தார். வாங்க வருபவர்களிடம், நாங்கள் எல்லோரும் ஒருநாள் இங்கே போகப் போகிறோம் என்று காட்டுவாராம். எல்லோரும் என்று அவர் சொன்னதில் அந்த டிரைசிக்கிள்காரரும் உண்டு. குடும்பம் நித்தியமானது என்று சொல்லி ஒரு வீட்டுக்குள் போய், சில வாரங்கள் கழித்து அதே வீட்டில் உட்கார்ந்து, இவர் இங்கே இருக்கக் கூடாது என்று நான் சொல்ல வேண்டியிருந்தது. இரண்டையும் நான் நம்புகிறேன். இன்றைக்கும் நம்புகிறேன். ஆனால் ஒரே வாயால் ஒரே அக்காவிடம் இரண்டையும் சொன்னது என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடிகிற விஷயமாக இல்லை.

என் பக்கத்தையும் சொல்ல வேண்டும். அந்த விதியை நான் உண்டாக்கவில்லை. மாற்றும் அதிகாரமும் எனக்கில்லை. மிஷன் தலைவருக்கு வாராவாரம் எழுதும் கடிதத்தில் அக்காவின் நிலையை விவரமாக எழுதிக் கேட்டேன். அன்பாகவும் தெளிவாகவும் பதில் வந்தது: அவசரப்படுத்த வேண்டாம், ஆனால் நியமத்தைக் குறைத்துச் சொல்லவும் வேண்டாம். நானும் குறைத்துச் சொல்லவில்லை. கேட்டது அவர். என்னை விட எவ்வளவோ பெரியவர், வாழ்க்கையைப் பார்த்தவர். மழுப்பியிருந்தால் அது அவரைக் குழந்தையாக நடத்தியதாக ஆகியிருக்கும். “நீங்களே ஜெபம் செய்து கேளுங்கள்” என்று சொல்லி நழுவியிருக்கலாம்தான். எங்களுக்கு அது பழகிய பதில். அந்த நேரத்தில் அது கோழைத்தனமாகத் தோன்றியது.

ஆனால் அவர் கேட்டது விதி என்ன என்று இல்லை. விதியைப் பாடத்திலேயே சொல்லிவிட்டோம். நீங்கள் என்ன செய்வீர்கள் என்று என்னைக் கேட்டார். எனக்கு அப்போது 22 வயது. கோயம்புத்தூரில் அம்மா சமைத்துப் போட, அப்பா சம்பாதித்துக் கொடுக்க வளர்ந்தவள். ஒருவரோடு பதினைந்து வருடம் ஒரே பாயில் படுத்து எழுந்து, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ராத்திரி அவர் வண்டியில் ஆஸ்பத்திரிக்கு ஓடி, கடைக்குச் சரக்குப் போட அவர் கூலியை எதிர்பார்த்து இருந்ததில்லை. அந்த இடத்தில் என்னை வைத்துப் பார்க்கவே எனக்குத் தெரியாது. ஆனாலும் சொன்னேன். மிஷனரியாக இருந்த எனக்கு அந்த வார்த்தை முழு உண்மை. பதினெட்டு மாதம் நான் செய்ததே அதுதானே? ஆறரைக்கு எழுவது, உடற்பயிற்சி, வேதம் படிப்பது, கம்பானியனைக் கண்ணுக்கும் காதுக்கும் எட்டாத தூரத்தில் விடாமல் இருப்பது, பத்தரைக்கு விளக்கை அணைப்பது, திங்கட்கிழமை துணி துவைத்து வீட்டுக்குப் பேசுவது, ஆறு வாரத்துக்கு ஒருமுறை வரும் மாறுதலில் எங்கே போகச் சொன்னாலும் பெட்டியைத் தூக்குவது. கீழ்ப்படிவது எனக்குச் சுலபமாகிவிட்டிருந்தது. அவருக்கு அது எவ்வளவு பெரிய விலை என்று அந்தப் பழக்கத்துக்குள் இருந்துகொண்டு என்னால் அளந்திருக்க முடியுமா?

இன்னொன்றும் உண்டு, அதைச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை பாதிதான். ஞாயிறு இரவு நாங்கள் வாரக் கணக்கு அனுப்புவோம். எத்தனை பேர் சபைக்கு வந்தார்கள், எத்தனை பேருக்கு ஞானஸ்நானத் தேதி குறித்திருக்கிறது என்று. எங்கள் பகுதியில் தேதி குறித்தவர் அக்கா ஒருவர்தான். “நான் கீழ்ப்படிவேன்” என்றபோது அந்தத் தேதி என் மனதில் இருந்ததா? இல்லை என்றுதான் எப்போதும் எனக்குள் பதில் வருகிறது. அந்தப் பதில் அவ்வளவு வேகமாக வருவதால்தான் திரும்பவும் கேட்டுக்கொள்கிறேன். கணக்கு ஆத்துமாக்களைக் கவனிக்க ஒரு கருவி என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள், நான் அதை அப்படியே பயன்படுத்தவும் முயன்றேன்.

டிரைசிக்கிள் ஓட்டும் அந்த அண்ணனைப் பற்றி நினைத்தால்தான் எனக்குத் தூக்கம் போகிறது. அவரோடு நாங்கள் சரியாகப் பேசியதே இல்லை. சிஸ்டர் மிஷனரிகள் ஆண் மட்டும் இருக்கும் வீட்டுக்குள் போகக் கூடாது, இன்னொரு பெண் கூட இருக்க வேண்டும். அது எங்கள் பாதுகாப்புக்கான விதி, நல்ல விதி. அக்கா இருக்கும்போது அவரையும் உட்காரச் சொல்லிப் பார்த்தோம். சிரித்துக்கொண்டே, நீங்கள் பேசுங்கள் என்று வெளியே போய் வண்டியைக் கழுவ ஆரம்பித்துவிடுவார். மழை வந்தால் எங்களைச் சாலை வரைக்கும் தன் வண்டியில் கொண்டு விடுவார், காசு வாங்க மாட்டார். எந்த வீட்டை விட்டு அவர் போக வேண்டும் என்று உள்ளே பேசிக்கொண்டிருந்தோமோ அந்த வீட்டின் வாசலில் அவர் ஈரத் துணியோடு நின்றார். கேட்டிருக்குமா? பலகைச் சுவர், தகரக் கூரை. கேட்காமல் இருக்க வழியில்லை.

அவரிடம் போய்ப் பேசியிருக்க வேண்டிய பொறுப்பு சபையின் ஆண்களுடையது, எல்டர்கள் எனப்படும் ஆண் மிஷனரிகளை அனுப்பச் சொல்லி நாங்கள் கேட்டும் இருந்தோம். அதற்குள் எனக்கு மாறுதல் வந்துவிட்டது. அடுத்த பகுதியில் பெட்டியைப் பிரித்து அடுக்கிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும், மார்ச் 17 முதல் லூசோன் தீவு முழுக்க ஊரடங்கு. வெளிநாட்டு மிஷனரிகள் எல்லோரையும் திருப்பி அனுப்பினார்கள். ஆனால் இந்தியா அதே நாளில் பிலிப்பைன்ஸிலிருந்து வருபவர்களுக்கு வாசலை அடைத்துவிட்டது. மணிலாவில் ஒரு அறையில், வெளிநாட்டில் சிக்கிய இந்தியர்களை அழைத்துவர அரசு அனுப்பிய வந்தே பாரத் விமானம் வரும்வரை காத்திருந்தேன். கதவைத் தட்ட வேலையில்லை, பாடம் எடுக்க ஆளில்லை. ஒவ்வொரு ராத்திரியும் அந்த ஒரு பேச்சைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்க நேரம் மட்டும் நிறைய இருந்தது. வேறு பதில்களைச் சொல்லிப் பார்ப்பேன். “எனக்குத் தெரியாது அக்கா.” இதுதான் அதிகம் வந்தது. அப்படிச் சொல்லியிருந்தால் அவர் அதில் என்ன செய்திருப்பார்? தன் கேள்வியோடு தனியாகத்தானே இருந்திருப்பார் என்று தோன்றும். அப்புறம் மறுபடியும் முதலிலிருந்து.

ஊருக்கு வந்து வெகுநாள் கழித்து மெசஞ்சரில் அக்காவிடமிருந்து படம் வந்தது. வெள்ளை உடையில் அவர், பக்கத்தில் பிள்ளைகள். ஞானஸ்நானம் எடுத்துவிட்டார். படத்தின் ஓரத்தில் கட்டம் போட்ட சட்டையில் அந்த அண்ணனும் நின்றார். அவர் தன் தம்பி வீட்டுக்குக் குடிபோய்விட்டார், இரண்டு தெரு தள்ளி. காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடுவது அவர்தான், செலவுக்குக் கொடுப்பதும் நிற்கவில்லை, சாயங்காலம் வந்து பிள்ளைகளோடு சாப்பிட்டுவிட்டுப் போகிறார். எல்லாம் அக்காவே எழுதினார். கடைசியில், “நீங்க அன்னைக்குச் சொன்னதாலதான் எனக்குத் தைரியம் வந்தது, சிஸ்டர். நான் சந்தோஷமா இருக்கேன்” என்று எழுதியிருந்தார்.

நான் சந்தோஷப்பட்டேன், பொய்யில்லை. அம்மாவிடம் காட்டினேன். அம்மா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, “அந்த மனுஷன் ராத்திரி சாப்பிட்டு முடிச்சு எழுந்து போறப்போ அந்தக் கடைக்குட்டி அழாதா?” என்று கேட்டார். அம்மாவும் சபையில்தான் இருக்கிறார், என்னை மிஷனுக்கு அனுப்பியவரே அவர்தான். நான் பதில் சொல்லவில்லை.

அந்த அண்ணன் நல்லவராக இருந்ததால் இது இவ்வளவில் நின்றது. கோபத்தில் காசு தருவதை நிறுத்தியிருந்தால்? வேறு பெண்ணைத் தேடிப் போயிருந்தால்? நான் சொன்ன ஒரு வார்த்தைக்கு அவருடைய நல்ல குணம் ஜாமீன் நின்றிருக்கிறது. கர்த்தர் அப்படி ஒரு மனிதரை அங்கே வைத்திருந்தார் என்று என் விசுவாசம் சொல்கிறது. அதையும் நம்புகிறேன். அப்படியென்றால் அவருக்குக் கிடைத்தது என்ன என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

சட்டம் வந்தால் எல்லாம் சரியாகும் என்று கொஞ்ச காலம் பிடித்துக்கொண்டிருந்தேன். 2024 மே மாதம் விவாகரத்து மசோதா அங்கே கீழவையில் நிறைவேறியது. செய்தியைப் பார்த்ததும் அக்காவுக்கு அனுப்பினேன். செனட்டில் அது நகரவே இல்லை. அக்கா எழுதிய பதில்: வந்தாலும் வக்கீலுக்கு யார் கொடுப்பது, சிஸ்டர்?

என் கம்பானியன் இப்போது தாவாவோவில் இருக்கிறாள், கல்யாணமாகிக் கைக்குழந்தை இருக்கிறது. போன மாதம் அவளோடு பேசும்போது இதைக் கேட்டேவிட்டேன்: அன்றைக்கு நான் சொன்னதும் என்னை ஏன் அப்படிப் பார்த்தாய்? அவளுக்கு அந்தப் பார்வை ஞாபகமே இல்லை. பேச்சு மட்டும் ஞாபகம் இருந்தது. “அவங்க ஏற்கனவே முடிவு பண்ணிட்டுத்தான் கேட்டாங்க. நீ என்ன சொல்லியிருந்தாலும் அதையேதான் செஞ்சிருப்பாங்க” என்றாள்.

என்னை ஆறுதல்படுத்தத்தான் சொன்னாள். ஆனால், நீங்கள் சொன்னதால்தான் தைரியம் வந்தது என்று அக்கா எழுதியது என் போனில் அப்படியே இருக்கிறது. அக்கா சொல்வது உண்மை என்றால் அந்த வீட்டில் இன்று நடப்பதில் எனக்குப் பங்கு இருக்கிறது. கம்பானியன் சொல்வது உண்மை என்றால் அக்காவின் விசுவாசம் முழுக்க அவருடையது, நான் அன்று அங்கே இல்லாவிட்டாலும் ஒன்றும் மாறியிருக்காது. மனதுக்கு இரண்டாவது வேண்டும் போலிருக்கிறது. ஆனால் அக்காவிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்று மெசஞ்சரைத் திறந்தால், எழுதியதை அழித்துவிட்டு, பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று மட்டும் கேட்கிறேன்.