போறாங்களா இருக்காங்களா: ஒரு மருந்துக்கடை டைரி, 2019

மார்ச் 13, புதன்

பிரெக்ஸிட்டுக்கு, அதாவது ஐரோப்பிய ஒன்றியத்த விட்டு பிரிட்டன் வெளிய போறதுக்கு, பிரதமர் தெரேசா மே போட்ட டீல் நேத்து ராத்திரி பார்லிமென்ட்ல ரெண்டாவது தடவையும் அவுட். 391க்கு 242. ஜனவரியில 230 ஓட்டு வித்தியாசத்துல தோத்தாங்க, இப்ப 149, இந்த ரேட்ல போனா தீபாவளிக்குள்ள பாஸ் ஆயிடும்னு வீட்டுக்காரர் சொல்லிட்டு தூங்கப் போயிட்டாரு.

கடை இருக்கிற கிழக்கு லண்டன் ரோம்ஃபோர்ட்ல புதன்கிழமை சந்தை நாள், கடையில கூட்டம் ஜாஸ்தி. மருந்துச் சீட்டை நீட்டிட்டு நிக்கிற அந்த அஞ்சு நிமிஷத்துல வர்றவங்க எல்லாருக்கும் பேச ஒரே விஷயம்தான். ரோம்ஃபோர்ட் இருக்கிற ஹேவரிங் பகுதியில 2016 ரெஃபரண்டத்துல, அதாவது மக்கள் வாக்கெடுப்புல, நூத்துக்கு எழுபது பேர் கிட்ட வெளிய போகணும்னு ஓட்டு போட்டவங்க. நான் குடியிருக்கிற மேனர் பார்க் நியூஹாம் கவுன்சில்ல வருது, அங்க உள்ளயே இருக்கணும்னு சொன்னவங்க கொஞ்சம் ஜாஸ்தி. நடுவுல ட்ரெயின்ல அஞ்சு ஸ்டேஷன்தான். காலைல ஒரு நாட்டுல ஏறி இன்னொரு நாட்டுல இறங்குற மாதிரி இருக்கு.

ரத்த அழுத்த மாத்திரை வாங்க வர்ற ஒரு பெரியவர், ரொம்ப மரியாதையான மனுஷன், இன்னைக்கு கவுண்டரைத் தட்டிட்டே கேட்டாரு, "நாங்க போகணும்னு சொல்லிட்டோம், இவங்க ஏன் இன்னும் ஓட்டு போட்டுட்டே இருக்காங்க?" நியாயமான கேள்விதான். ரெஃபரண்டம் சட்டப்படி பார்லிமென்டைக் கட்டுப்படுத்தாது, அது வெறும் கருத்துக் கேட்புன்னு பேப்பர்ல எழுதுறாங்க. ஆனா ஓட்டுக்கு முன்னாடி வீடு வீடா அரசாங்கம் அனுப்பின துண்டறிக்கையில, நீங்க முடிவு பண்றத நாங்க நிறைவேத்துவோம்னு தெளிவா போட்டிருந்துச்சே. 93 லட்சம் பவுண்ட் செலவு பண்ணி அதச் சொன்னாங்க, இதச் சொல்லல. அப்புறம் அவருக்கு விவரம் தெரியலன்னு யாரு சொல்ல முடியும்.

மார்ச் 19, செவ்வாய்

சபாநாயகர் பெர்கோ நேத்து ஒரு குண்டைத் தூக்கிப் போட்டுட்டாரு. தோத்துப்போன அதே தீர்மானத்தை மாத்தாம மறுபடி மறுபடி கொண்டுவர முடியாதாம், 1604லயே அந்த வழக்கம் வந்துடுச்சாம், ஆதாரத்துக்கு எர்ஸ்கின் மே எழுதின தடிப் புத்தகம். ஒரு கஸ்டமர் சீரியஸாவே கேட்டாங்க, அது யாரு, தெரேசாவுக்கு சொந்தமான்னு. 1844ல அந்த அவையோட நடைமுறையை எல்லாம் புத்தகமா எழுதினவரு, சொந்தம் எல்லாம் இல்லன்னு நம்ம ஃபார்மசிஸ்ட் தம்பிதான் விளக்கினான். அவன் பொறந்து வளர்ந்தது எல்லாம் இங்கதான், அவனே போன வாரம்தான் படிச்சானாம்.

பொண்ணு ஒன்பதாவது படிக்கிறா. 1604ன்னதும் அதுக்கு அடுத்த வருஷம்தான் பார்லிமென்டுக்கு வெடி வைக்கப் பாத்தாங்கன்னு டக்குனு சொல்றா. எட்டாம் ஹென்ரி பொண்டாட்டிங்க ஆறு பேரையும் வரிசையா ஒப்பிக்கிறா. அவ பள்ளிக்கூடம் இருக்கிற தொகுதியோட எம்பி பேரு கேட்டா முழிக்கிறா. பார்லிமென்ட்ல ஓட்டு போடணும்னா ஏன் எல்லாரும் எழுந்து நடந்து போறாங்க, பட்டன் இல்லையான்னு கேக்குறா (நல்ல கேள்வி, எனக்கும் அதே சந்தேகம்தான்).

இங்கிலாந்துல செகண்டரி பள்ளிக்கூடத்துல குடியுரிமைன்னு ஒரு பாடம் 2002லேர்ந்து பாடத்திட்டத்துல இருக்கு. பெர்னார்ட் கிரிக்னு ஒரு பேராசிரியர் தலைமையில 1998ல கமிட்டி போட்டு, பிள்ளைங்களுக்கு ஜனநாயகம் எப்படி ஓடுதுன்னு சொல்லிக் குடுங்கன்னு அறிக்கை குடுத்தாங்க, அதுலேர்ந்து வந்தது. ஆனா அகாடமிங்கிற வகைப் பள்ளிங்க அந்தப் பாடத்திட்டத்தை அப்படியே பின்பத்தணும்னு கட்டாயம் இல்ல. எங்க பொண்ணு பள்ளியில காலைல வருகைப் பதிவு எடுக்கிற நேரத்துல, போதை மருந்து, பேங்க் அக்கவுன்ட், பல் ஆரோக்கியம், ஜனநாயகம் எல்லாத்தையும் ஒண்ணா போட்டுக் கலக்கிடுறாங்க. இந்தப் பாடம் தேஞ்சு போக விட்டுட்டோம்னு பிரபுக்கள் சபை கமிட்டி ஒண்ணு போன வருஷம் ஏப்ரல்ல அறிக்கையே குடுத்துச்சு. அறிக்கை குடுக்கிறதுல இந்த ஊரை அடிச்சுக்க ஆளே கிடையாது.

மார்ச் 21, வியாழன்

நேத்து ராத்திரி மே டிவியில வந்து, உங்களுக்கு அலுத்துப்போச்சுன்னு எனக்குத் தெரியும், நான் உங்க பக்கம்தான், எம்பிங்கதான் முடிவெடுக்க மாட்டேங்குறாங்கன்னு பேசினாங்க. அந்த எம்பிங்கள தேர்ந்தெடுத்தது யாரு? அந்த எம்பிங்க ஓட்டு இல்லாம இவங்க பிரதமரா இருக்க முடியுமா? எனக்கு அந்தப் பேச்சு சுத்தமா பிடிக்கல. ஏற்கனவே எம்பிங்களுக்குக் கொலை மிரட்டல் வந்துட்டிருக்கு, எம்பி ஜோ காக்ஸைக் கொன்னு மூணு வருஷம்கூட முடியல.

இன்சுலின் எடுக்கிற ஒரு அம்மா வந்து ரெண்டு மாசத்துக்குச் சேத்துக் குடு லவ்வுன்னு கெஞ்சினாங்க. டீல் இல்லாம வெளிய போனா துறைமுகத்துல லாரி நின்னுடும்னு பேப்பர்ல பாத்து பயந்துட்டாங்க. இங்க வர்ற இன்சுலின் பெரும்பாலும் வெளிநாட்டுலேர்ந்து வர்றதுதான். கம்பெனிங்க கூடுதலா ஆறு வார ஸ்டாக் வச்சிருக்கணும்னு அரசாங்கம் கேட்டிருக்கு, நாங்களும் நோயாளிங்களும் பதுக்கக் கூடாதுன்னும் சொல்லியிருக்கு. சீட்டுல என்ன இருக்கோ அதுதான் தர முடியும்மா, பிரதமருக்கே டைப் ஒன் சர்க்கரை, அவங்களும் தினம் இன்சுலின் போடுறவங்கதான்னேன். "அவங்களுக்குத் தேடி வரும், எனக்கு வருமா"ன்னாங்க. அதுக்கு என்னத்தச் சொல்ல.

பிரெக்ஸிட்டையே ரத்து பண்ணுங்கன்னு ஒரு பெட்டிஷன் சாயங்காலத்துக்குள்ள 10 லட்சம் கையெழுத்தத் தாண்டிடுச்சு, பார்லிமென்ட் பெட்டிஷன் பக்கமே படுத்துடுச்சு.

மார்ச் 24, ஞாயிறு

மார்ச் 29ஆம் தேதி வெளிய போறது இல்லையாம். டீல் பாஸ் ஆனா மே 22, ஆகலைன்னா ஏப்ரல் 12க்குள்ள என்ன பண்ணப் போறீங்கன்னு சொல்லுங்கன்னு ஐரோப்பியத் தலைவருங்க சொல்லிட்டாங்க. 27 நாடும் ஒத்துக்கிட்டாதான் தவணையே கிடைக்கும், ஒரு நாடு மாட்டேன்னா முடிஞ்சது. இது கடைக்கு வர்ற நிறைய பேருக்குத் தெரியாது, நாம கேட்டா குடுத்துடுவாங்கன்னு ஒரு பக்கம், அவங்கதான் நம்மளப் பிடிச்சு வச்சிருக்காங்கன்னு இன்னொரு பக்கம்.

நேத்து லண்டன்ல மறு ஓட்டு கேட்டு பெரிய ஊர்வலம். 10 லட்சம் பேருன்னு நடத்தினவங்க சொல்றாங்க. எனக்கு சனிக்கிழமை டூட்டி, ஃபார்மசிஸ்ட் தம்பி லீவு போட்டுட்டுப் போனான், பார்க் லேன்ல நகரவே முடியலயாம். அவன் ஃபோட்டோ காட்டும்போது பின்னாடி க்ரீம் வாங்க வந்த ஒரு பொண்ணு மூஞ்சியத் திருப்பிக்கிச்சு. அவன் கூட்டத்துல சில பேரு, படிக்காதவங்க போட்ட ஓட்டுன்னு பேசுறாங்க. எனக்கு அதைக் கேட்டாலே பத்திக்கிட்டு வரும். பெட்டிஷன்ல 50 லட்சம் சேந்ததும் அரசாங்கம் ரத்து பண்ணித்தான் ஆகணும்னு வாட்ஸ்அப்ல போட்டவங்க எல்லாம் டிகிரி வாங்கினவங்கதான். 10 ஆயிரம் வந்தா அரசாங்கம் பதில் எழுதணும், லட்சம் வந்தா விவாதத்துக்கு எடுத்துக்கலாம், அவ்வளவுதான் அந்தப் பெட்டிஷனோட சக்தி. 1 லட்சம்னாலும் 50 லட்சம்னாலும் அதே விவாதம்தான்.

மார்ச் 30, சனி

நேத்துதான் அந்த 29. டீல் மூணாவது தடவையும் தோத்துச்சு, 344க்கு 286. சண்டர்லாந்துலேர்ந்து நடந்தே கெளம்பின, வெளிய போகணும்னு சொல்றவங்களோட ஊர்வலம் பார்லிமென்ட் வாசல்ல வந்து முடிஞ்சது. துரோகம்னு போர்டு.

இன்னைக்கு சந்தையில கோவம் குறைஞ்சு ஒரு மாதிரி சலிப்பு. நேத்து ராத்திரி 11 மணிக்கு பாட்டில் உடைக்கலாம்னு வாங்கி வச்சேன், ஈஸ்டருக்குத் தொறக்குறேன்னாரு நம்ம ரத்த அழுத்தப் பெரியவர். அவரே கேட்டாரு, அயர்லாந்துக்காரங்க பத்து பேரு எப்படி நம்ம நாட்டையே நிறுத்தி வைக்க முடியும்னு. 2017ல மே தேவையே இல்லாம தேர்தல் வச்சு 317 சீட்டுக்கு இறங்கினாங்க, பெரும்பான்மை போச்சு, வடக்கு அயர்லாந்தோட டியூபி கட்சி எம்பிங்க பத்து பேரு கையப் பிடிச்சுதான் ஆட்சி நடத்துறாங்க, அந்தப் பத்து பேருக்கு பேக்ஸ்டாப் (அயர்லாந்து எல்லையில சோதனை வராம இருக்க டீல்ல வச்ச ஏற்பாடு) பிடிக்கல, இவங்க கட்சிக்காரங்கள்லயும் நிறைய பேருக்குப் பிடிக்கல, அதனாலதான் தோக்குதுன்னு சொன்னேன். சீட்டுக்குப் பின்னாடி பேனாவால கணக்குப் போட்டுக் காட்டினேன். மனுஷன் கண்ணாடியப் போட்டுட்டு உத்துப் பாத்தாரு. "இதை யாரும் எனக்குச் சொல்லலையே"ன்னாரு. மூணு வருஷமா தினம் பேப்பர் வாங்கிப் படிக்கிற மனுஷன். பேப்பர்ல துரோகி யாருங்கிறது தினம் வருது, கணக்கு வர்றதில்ல.

இதைத்தான் அரசியல் கல்வின்னு நான் நினைக்கிறேன். யாருக்குப் போடணும்ங்கிறது இல்ல, இந்தக் கணக்கு. அது தெரிஞ்சும் அவரு வெளிய போகணும்னுதான் இருக்காரு, இருக்கட்டுமே. ஆனா இனிமே யாரத் திட்டணும்னாவது சரியாத் தெரியும்ல.

ஏப்ரல் 5, வெள்ளி

இந்த வாரம் என்னென்னவோ. திங்கக்கிழமை நாலு மாற்று யோசனை வச்சு நாலும் தோல்வி, ஐரோப்பாவோட சுங்க ஒன்றியம் வச்சுக்கலாம்ங்கிறது மூணே ஓட்டுல போச்சு. கன்சர்வேடிவ் எம்பி நிக் போல்ஸ் அந்த இடத்துலயே கட்சிய விட்டு விலகுறேன்னு சொல்லிட்டு வெளிய நடந்துட்டாரு. பருவநிலைப் போராட்டக்காரங்க பார்வையாளர் மாடத்துல துணிய அவுத்துட்டு நின்னாங்க, என் பொண்ணு வாழ்க்கையில முதல் தடவையா பார்லிமென்ட் நேரலைய ரிமோட்ட விடாம பாத்தா. தவணை கேட்டே ஆகணும்ங்கிற, லேபர் எம்பி கூப்பரோட மசோதா புதன் ராத்திரி 313க்கு 312, ஒரே ஓட்டு. நேத்து கூரையிலேர்ந்து தண்ணி ஊத்தி சபையவே ஒத்தி வச்சுட்டாங்க.

கிளாஸ்கோல இருக்கிற அக்கா பையனுக்கு 16 ஆச்சு, ஸ்காட்லாந்து பார்லிமென்ட் தேர்தல்ல அவனுக்கு ஓட்டு உண்டு. அங்க மாடர்ன் ஸ்டடீஸ்னு தனிப் பாடமே இருக்கு, பரீட்சை எழுதுறான். ஃபோன்ல என் பொண்ணுக்கு, மசோதாவ வரி வரியா அலசுற கமிட்டி நிலைன்னா என்னன்னு அவன்தான் சொல்லிக் குடுத்தான். அவ எட்டாம் ஹென்ரியோட நாலாவது பொண்டாட்டி யாருன்னு பதிலுக்குக் கேட்டா.

வீட்டுக்காரர் குடியுரிமைக்கு லைஃப் இன் த யூகே டெஸ்ட் படிக்கிறாரு. 24 கேள்வி, 18 சரியா வரணும். பிரபுக்கள் சபை என்ன பண்ணும், எம்பியோட வேலை என்னன்னு அதுல படிக்கணும். வந்து குடியேறுறவங்க பரீட்சை எழுதித்தான் தெரிஞ்சுக்கணும், இங்கயே பொறந்தவங்களுக்கு எப்படியாவது தெரிஞ்சிடும்னு விட்டுட்டாங்க போல.

ஏப்ரல் 11, வியாழன்

தவணை அக்டோபர் 31 வரைக்கும். இந்த நேரத்த வீணாக்காதீங்கன்னு ஐரோப்பிய கவுன்சில் தலைவர் டொனால்ட் டஸ்க் சொன்னாரு. எம்பிங்க ஈஸ்டர் லீவுல போயிட்டாங்க.

மே 8, புதன்

இன்னும் வெளிய போகாததால ஐரோப்பிய பார்லிமென்ட் தேர்தல் இங்கயும் கண்டிப்பா நடக்கும்னு மந்திரி லிடிங்டன் நேத்து சொன்னாரு. ஐரோப்பியக்காரங்க இங்க ஓட்டு போடணும்னா வாக்காளர் பட்டியல்ல பேரு இருந்தா மட்டும் போதாது, என் நாட்டுல போட மாட்டேன், இங்கதான் போடுவேன்னு யூசி1ன்னு ஒரு பாரம் தனியா எழுதிக் குடுக்கணும். அதுக்குக் கடைசி நாள் எதுன்னு பாத்தா, அதுவும் நேத்துதான்.

மே 24, வெள்ளி

காலைல மே ராஜினாமா அறிவிச்சாங்க, கடைசியில குரல் உடைஞ்சு போச்சு. கடையில ரெண்டு பேரு கை தட்டினாங்க, ஒரு அம்மா பாவம்னாங்க. நான் இன்னைக்கு எழுத வந்தது வேற.

எங்க கடையில போர்ச்சுகல் அக்கா ஒருத்தங்க, இங்க வந்து பதினேழு வருஷம், பிள்ளைங்க ரெண்டும் இங்கதான் பொறந்துச்சு. 2016 ரெஃபரண்டத்துல அவங்களுக்கு ஓட்டு கிடையாது. இந்தியப் பாஸ்போர்ட் வச்சிருந்த எனக்கு உண்டு, காமன்வெல்த் நாடுங்கிறதால. அதையே அவங்க ஒரு சிரிப்போட சொல்லிட்டிருப்பாங்க. நேத்து நடந்தது ஐரோப்பிய பார்லிமென்டுக்கே தேர்தல். டூட்டி முடிச்சு, பிள்ளையக் கையில பிடிச்சுக்கிட்டு, வீட்டுக்கு வந்த வாக்காளர் அட்டையோட போயிருக்காங்க. பட்டியல்ல அவங்க பேருக்கு நேரா கோடு போட்டு வச்சிருக்காங்க, பாரம் வரல, உங்க நாட்டுல போய்ப் போட்டுக்கோங்கன்னு அனுப்பிட்டாங்க. இன்னைக்கு நியூஸ்ல பாத்தா ஊரெல்லாம் இதே கதை. நானோ சாயங்காலம் நடந்து போய், இந்தியப் பாஸ்போர்ட்டோட, ஐரோப்பாவுக்கு ஓட்டு போட்டுட்டு வந்தேன்.

"நீ எந்த ஐரோப்பா"ன்னு கேட்டாங்க அக்கா. ரெண்டு பேரும் சிரிச்சோம், அப்புறம் அவங்க உள்ள போய் டெலிவரி பெட்டியெல்லாம் தடால் தடால்னு அடுக்கினாங்க.

தேர்தல் இருக்கா இல்லையான்னு பாரம் குடுக்க வேண்டிய கடைசி நாள்ல சொன்னா யாருக்குத் தெரியும்? பள்ளிக்கூடத்துல சரியா சொல்லிக் குடுத்திருந்தாலும் அவங்க ஓட்டு நேத்து காப்பாத்தப்பட்டிருக்காது. கணக்கு தெரிஞ்சா மட்டும் போதும்னு எழுதினேன்ல, அதோட நேரத்துக்குத் தகவலும் வேணும்.

மே 28, செவ்வாய்

ஃபராஜோட பிரெக்ஸிட் கட்சிக்கு 29 சீட்டு, ஆளுங்கட்சிக்கு நாலு. ஓட்டு போட்டவங்க நூத்துக்கு 37 பேருதான்.

இன்சுலின் அம்மா வந்திருந்தாங்க. புதுப் பிரதமருக்கு நாம எப்போ ஓட்டு போடணும்னு கேட்டாங்க. நமக்கு ஓட்டு இல்லம்மா, எம்பிங்க ரெண்டு பேரைப் பொறுக்கி நிறுத்துவாங்க, கன்சர்வேடிவ் கட்சி உறுப்பினருங்கதான் அதுல ஒருத்தரை முடிவு பண்ணுவாங்கன்னேன். நாலு வார்த்தை திட்டிட்டு, உறுப்பினர் ஆக எவ்வளவுன்னு கேட்டாங்க. வருஷத்துக்கு 25 பவுண்ட், ஆனா சேந்து மூணு மாசம் ஆகியிருந்தாதான் ஓட்டு.

"அப்போ இதுலயும் லேட்டா?"

ஆமான்னேன். 25 பவுண்டுக்கு இன்சுலினக் குளிர்ச்சியா வச்சுக்கிற நல்ல பை ஒண்ணு வாங்கலாம்னு சொல்லிட்டு மருந்த வாங்கிட்டுப் போனாங்க.