பதின்மூன்றிலிருந்து பதினைந்துக்கு

கெவின் சின்ஃபீல்டை, பதின்மூன்று பேர் ஆடும் ரக்பி லீக் பார்ப்பவர்களுக்குத் தெரியும். மற்றவர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய ஆள்.

1997-இல் லீட்ஸ் ரைனோஸ் என்ற இங்கிலாந்து கிளப்புக்காக முதல் ஆட்டம். அப்போது வயது 16. ரக்பி லீக்கில் கடைசிவரை அதே கிளப். அங்கே லீக் ஆட்டத்தின் உச்சத் தொடரான சூப்பர் லீக்கில் ஏழு கோப்பைகளுக்குக் கேப்டன். ஆனால் நாக்அவுட் தொடரான சேலஞ்ச் கோப்பை மட்டும் போக்குக் காட்டிக்கொண்டே இருந்தது. 2010, 2011, 2012 என்று மூன்று வருடம் வரிசையாக இறுதிப்போட்டியில் தோல்வி. மனுஷன் அசரவில்லை. 2014-இல் வெம்ப்லியில் அதையும் தூக்கினார்.

அப்புறம் பயிற்சியாளர் வேலை. அதுவும் லீக்கில் இல்லை, பதினைந்து பேர் ஆடும் ரக்பி யூனியனில்! விதிகளே வேறு. 2021-இல் லெஸ்டர் டைகர்ஸ் என்ற இங்கிலாந்து கிளப்பின் தடுப்பாட்டத்தைக் கையில் எடுத்தார். அடுத்த வருடமே அந்த அணி சாம்பியன். அங்கிருந்து இங்கிலாந்து அணிக்குப் போனார். 2023 உலகக் கோப்பையில் மூன்றாம் இடம். அரையிறுதியில் தென்னாப்பிரிக்காவிடம் ஒரே ஒரு புள்ளியில் தோற்றதை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

இதற்கு நடுவில்தான் ஒரு நண்பருக்காக அவர் ஓடிய ஓட்டங்கள். லீட்ஸில் கூட ஆடிய நண்பர் ராப் பரோவுக்கு 2019 டிசம்பரில் மோட்டார் நியூரான் நோய், அதாவது நரம்புகள் சிதைந்து தசைகள் மெல்லச் செயலிழக்கும் நோய், என்று தெரிந்தது. 2020-இல் ஏழு நாளில் ஏழு மாரத்தான் ஓடி நிதி திரட்டினார் சின்ஃபீல்ட். 2023 மே மாதம் லீட்ஸ் மாரத்தானில் ராபைச் சக்கர நாற்காலியில் வைத்து முழுத் தூரமும் தள்ளிக்கொண்டே ஓடினார். எல்லைக்கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் நின்று, அவரை அள்ளித் தூக்கிக்கொண்டு கோட்டைக் கடந்தார். கன்னத்தில் ஒரு முத்தம். வீடியோ இருக்கிறது, பாருங்கள்.

ராப் 2024 ஜூனில் காலமானார். சின்ஃபீல்ட் அதன்பிறகும் ஓட்டத்தை விடவில்லை.