சட்டைக் காலரில் ஒரு பம்ப்

சிங்கப்பூரில் காற்றுத் தூசியை அளப்பது என் வேலை. கட்டுமானத் தளம், கான்கிரீட் ஆலை, ஜல்லி இறக்கும் துறை என்று எங்கே போனாலும் தொழிலாளியின் இடுப்பில் சிறிய பம்பைக் கட்டி, வடிதாளைச் சட்டைக் காலரில் மாட்டுவேன். நிமிடத்துக்கு ஏறத்தாழ 2 லிட்டர் காற்றை அது இழுக்கும். எட்டு மணி நேரத்தில் ஒரு கனமீட்டரை நெருங்கிவிடும். அமெரிக்கா 2016இல் கல்லிலும் மணலிலும் உள்ள சிலிக்கா என்ற கனிமத்தின் நுண்தூசிக்கு வகுத்த வரம்பு கனமீட்டருக்கு 0.05 மில்லிகிராம். தூள் உப்பில் ஒரே ஒரு துணுக்கின் எடைதான் அது. கருங்கல்லிலோ ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குவார்ட்ஸ் என்ற சிலிக்காப் படிகம் இருக்கிறது.

கண்ணை மறைக்கும் புழுதிக்குத்தான் எல்லோரும் அஞ்சுகிறார்கள். அதில் பெரும்பகுதி மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடும். நுரையீரலின் அடிவரை இறங்குவது ஏறத்தாழ 4 மைக்ரானுக்கும், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் நான்கு பங்குக்கும், சிறிய துகள். இந்தத் தூசியால் நுரையீரல் தழும்பேறும் சிலிக்கோசிஸ் நோய் வந்துவிட்டால் குணப்படுத்த மருந்தில்லை. காசநோயும் எளிதாகப் பற்றிக்கொள்கிறது.

சிங்கப்பூரின் புலாவ் ஊபின் தீவில் இருந்த கடைசிக் கல்குவாரி 1999இல் மூடப்பட்டது. அந்தப் பள்ளங்களில் இன்று மழைநீர் தேங்கி நாரைகள் கூடு கட்டுகின்றன. அடுக்குமாடி வீட்டுக்கும் எம்ஆர்டி ரயில் சுரங்கப்பாதைக்கும் வேண்டிய கல், அண்டை நாடுகளிலிருந்து படகில் வருகிறது. 2007இல் இந்தோனேசியா மணல் ஏற்றுமதியைத் தடை செய்து, கருங்கல் படகுகளையும் தடுத்து வைத்தது. அப்போது நாங்கள் பேசியதெல்லாம் விலையைப் பற்றித்தான். கல்லைத் தோண்டும் இடத்தில் எழும் புழுதி யார் வீட்டில் படிகிறது என்று தூசி அளக்கும் நானே கேட்கவில்லை. அது இன்றும் என்னை உறுத்துகிறது.

கேட்க வைத்தவர், ஜல்லித் துறையில் வேலை செய்யும் புதுக்கோட்டைப் பக்கத்துத் தம்பி ஒருவர். அவருடைய வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் கல்குவாரியும் கிரஷரும் இருக்கின்றன. வெடி வைக்கும்போதுதானே தூசி அதிகம் என்றேன்.

"வெடி ஒரு நிமிடம், அண்ணே. டிப்பர் நாள் முழுக்க ஓடும்."

அவர் சொன்னது சரி. திறந்தவெளிச் சுரங்கங்களில் எழும் தூசியில் பெரும்பங்கு லாரிப் பாதையிலிருந்துதான் கிளம்புகிறது. பாரம் ஏற்றிய சக்கரம் கல்லை மாவாக்க, அடுத்த வண்டி அதைக் கிளப்பிவிடுகிறது. தண்ணீர் தெளித்தால் அடங்கும். உச்சி வெயிலில் சீக்கிரமே காய்ந்துவிடுவதால் திரும்பத் திரும்பத் தெளிக்க வேண்டும். அவர் ஊரில் அதிகாரிகள் வரும் நாளில் மட்டும் தண்ணீர் லாரி வருமாம். வேப்பிலை வெளுத்திருக்கும் பக்கத்தைப் பார்த்தே காற்று எந்தத் திசையிலிருந்து வீசியது என்று சொல்லிவிடுவார்களாம்.

மாலையில் பம்பைக் கழற்றும்போது கேட்டார்: "இதை ஒரு நாள் எங்கள் அம்மாவின் சேலையில் மாட்டிப் பார்க்க முடியுமா, அண்ணே?"

மாட்டலாம், தம்பி. ஆனால் என் அறிக்கையில் உள்ள வரம்பு, எட்டு மணி நேரம் வேலை செய்துவிட்டு வீட்டுக்குப் போகிறவர்களுக்கானது. உங்கள் அம்மாவுக்கு அதுதானே வீடு.