நாலு மூடை நெல்லும் ஓ.எல். பரீட்சையும்

இந்தப் பங்குனியில் எங்கள் வீட்டில் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து விழுந்தன. 2025 மார்ச் 17 முதல் 26 வரை மகளுக்கு ஓ.எல். என்கிற பதினோராம் ஆண்டு அரசாங்கப் பரீட்சை. இவருக்குச் சிறுபோகக் கூட்டங்கள், அதாவது கோடை நெல் விதைப்புக்கானவை. பங்குனி உத்தரத்துக்குப் புளியம்பொக்கணை நாகதம்பிரான் கோயிலில் பொங்க வேண்டும், அதற்குப் பின்னாலேயே சித்திரை வருடப்பிறப்பு. இதற்குள் அரிசி வாளியும் அடிதட்டிவிட்டது.

கடையில் வாங்கலாம்தான். வயலையும் வைத்துக்கொண்டு அரிசிப் பையோடு வந்தால் மாமி ஒரு வார்த்தையும் பேசமாட்டா, அதுதான் பயம். நவம்பர் வெள்ளத்தில் பள்ளக் காணி அழிந்துபோக, மிஞ்சியதில் விற்றது போக வீட்டுக்கென்று பன்னிரண்டு மூடை வைத்திருந்தோம். அதில் நாலைப் புழுங்கலரிசிக்கு அவிப்பதென்று முடிவெடுத்தேன். இவ்வளவு காலமும் அவித்தது மாமி. நான் தண்ணீர் அள்ளிக் கொடுத்தவள் மட்டும். இந்த முறை அவவுக்கு முழங்கால் வலி. விறாந்தையில் கதிரை போட்டு இருந்து சொல்லுவா, நான் செய்யவேண்டும்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் தொட்டியில் நெல்லைக் கொட்டி, மேலே நாலு விரல் தண்ணீர் நிற்க ஊறவிட்டேன். மிதந்த பதரை அள்ளிக் கோழிக்குப் போட்டேன். "காலையும் பின்னேரமும் தண்ணி மாத்து பிள்ளை, இல்லாட்டி சோறு மணக்கும்" என்றா மாமி. சனி காலை மாற்றினேன். பின்னேரம் மகளுக்குத் தலையிடி, தேத்தண்ணீர், பழைய வினாத்தாள் என்று ஓடியதில் மறந்துபோனேன்.

ஞாயிறு விடிய நாலு மணிக்கு அடுப்பு மூட்டினேன். கிடாரம் என்கிற பெரிய பாத்திரத்தில் ஒரு தடவைக்கு ஒரு மூடைதான் அவிக்கலாம், ஆகவே நாலு ஈடு. அடியில் கொஞ்சத் தண்ணீர், மேலே நனைத்த சாக்கு. ஆவி மேலே வந்து, மேல் நெல் வாய் பிளந்தால் இறக்கவேண்டும். கேட்க இலகுவாகத்தான் இருக்கிறது. முதல் ஈட்டில் "இன்னும் கொஞ்சம்" என்று நின்றேன். அரிசி உமியை விட்டு வெளியே பிதுங்கி வந்துவிட்டது. மாமி எட்டிப் பார்த்தா. "அதைப் புறம்பாய்ப் போடு, கஞ்சிக்கு ஆகும்." இரண்டாம் ஈட்டில் கண்ணை நம்பாமல் மணத்தை நம்பினேன். பச்சை நெல்லின் மணம் போய் அவிந்த வாசம் வந்த கையோடு இறக்கினேன். அது சரியாக வந்தது.

உண்மையான பாடு காயவைப்பதில்தான். படங்குத் துணியை விரித்து நெல்லை மெல்லிசாகப் பரவி, மணிக்கொரு தடவை காலால் கிண்டிவிட வேண்டும். பங்குனி வெயிலில் ஒரே நாளில் காய்ந்துவிடும் என்று நினைத்தேன். மாமி விடவில்லை. ஒரேயடியாகக் காய்ந்த நெல் மில்லில் நொறுங்கிக் குறுணலாகிவிடுமாம். கையில் ஒட்டாத பதத்தில் அள்ளி நிழலில் குவித்து, ஒரு இரவு ஆறவிட்டு, மறுநாள் திரும்பப் போட்டேன். ஆடு, மாடு, மயில், பக்கத்து வீட்டுக் கோழி எல்லாவற்றுக்கும் காவல் நின்றது சின்னவன். சம்பளம் ஒரு ஐஸ்பழம்.

திங்கள் பின்னேரம் மூன்றரைக்கு மேற்கே கறுத்தது. இவர் கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில். இரணைமடுக் குளம் 36 அடி நிரம்பினாலும் சிறுபோகத்தில் எல்லா வயலுக்கும் தண்ணீர் காணாது, ஆகவே பங்கு பிரிக்கும் கதை லேசில் முடியாது. முதல் துளி விழுந்தபோது பரீட்சை முடிந்து வந்த மகள் சப்பாத்தும் கழற்றாமல் ஓடிவந்து படங்கின் மறுமுனையைத் தூக்கினாள். ஓரத்தில் அரை மூடை அளவு நனைந்தது. அதை அன்று இரவே விறாந்தையில் பரவி, காற்றாடியைப் போட்டுவிட்டோம். நாங்கள் வியர்வையில் படுத்தோம்.

செவ்வாய் பின்னேரம் மாமி கேட்டா: "சிவப்புக் கயிறு கட்டின மூடை எங்கை?"

முதல் வெட்டில் எடுத்து, பொங்கலுக்குப் பச்சையரிசி குத்தவென்று அவ புறம்பாகக் கட்டி வைத்த நெல் அது. நான் அதையும் சேர்த்து அவித்துவிட்டேன்! பேசுவா என்று பார்த்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பக்கத்து வீட்டு அக்காவிட்டைக் கேட்டுப்பார்" என்றா. அக்கா தன் முதல் நெல்லில் அரைப் பை தந்தா. பதிலுக்கு எங்கள் புழுங்கலரிசி கேட்டா. புதன்கிழமை கடைசிப் பரீட்சை எழுதி வந்த மகள், நெல்லை வாயில் போட்டு "கடுக்" என்று கடித்துக் காட்டினாள். அன்றே மில்லுக்கு ஏற்றினோம்.

65 கிலோப்படி 260 கிலோ நெல் போய், 172 கிலோ அரிசி வந்தது. தவிடு மாட்டுக்கு. நாகதம்பிரானுக்கு அக்காவின் அரிசியில் பொங்கி வந்தோம். மறுநாள் எங்கள் அரிசியில் முதல் சோறு. மாமி ஒரு வாய் வைத்துவிட்டு என்னைப் பார்த்தா.

"சனிக்கிழமை பின்னேரம் தண்ணி மாத்தேல்லைத்தானே?"

மகள் சிரித்ததில் அவளுக்குப் புரைக்கேறிவிட்டது. இவர் பேசாமல் இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டார். இன்னும் எட்டு மூடை கிடக்கிறது.