மாஸ்ரரின் மூக்குப்பேணி

எங்கள் பள்ளிக்கூட மலர்க் குழுவினர் "விளையாட்டுப் போட்டி, விடுதி, ஏதாவது எழுதுங்கோ" என்றார்கள். விளையாட்டில் நான் பார்வையாளன். ஆகவே போலோ மாஸ்ரரைப் பற்றி எழுதுகிறேன். அவருடைய உண்மைப் பெயர் என் வயதுக்காரருக்குத் தெரியும். அந்தப் பட்டப்பெயர் வந்த கதைதான் இது.

1978. நாங்கள் ஒன்பதாம் வகுப்பு. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சரித்திரப் பாடம், பின்வாங்கு முழுக்க நித்திரை. அன்று மாஸ்ரர் கடதாசியில் சுற்றி ஒரு பித்தளை மூக்குப்பேணி, அதாவது மூக்கு வைத்த குடிக்கும் பாத்திரம், கொண்டுவந்தார். பானையில் தண்ணீர் எடுத்து, அண்ணாந்து, மூக்கு உதட்டில் படாமல் மடமடவென்று ஊற்றிக் குடித்தார். புறங்கையால் வாயைத் துடைத்துவிட்டு, "இப்ப நான் செய்ததிலை என்ன புதினம்?" என்றார்.

"ஒரு புதினமும் இல்லை சேர்."

"வெனிஸ்காரனுக்கு இது பெரிய புதினமடா."

1271இல் வெனிஸிலிருந்து வெளிக்கிட்டு 1295இல் ஊர் திரும்பிய மார்க்கோ போலோ, 1298இல் ஜெனோவாச் சிறையில் இருந்தபடி ரஸ்டிசெல்லோ என்ற பீசாக்காரருக்குச் சொல்லச் சொல்ல எழுதப்பட்ட பயணநூல் ஒன்று உண்டு. அதிலிருந்து மாஸ்ரர் தன் கொப்பியில் பிரதிபண்ணி வைத்திருந்ததை வாசித்தார். மாபார், அதாவது எங்கள் எதிர்க்கரையான பாண்டிய நாடு. அங்கே ஒவ்வொருவருக்கும் தனிப் பாத்திரம், இன்னொருவர் பாத்திரத்தில் குடிக்கமாட்டார்கள். உதட்டில் வைக்காமல் மேலே பிடித்து ஊற்றிக்கொள்வார்கள். சாப்பிட வலக்கை மட்டும். சுவரில் பல்லி சொன்னால், எந்தப் பக்கம் சொன்னது என்று பார்த்துத்தான் வியாபாரம் முடிப்பார்கள். கிழமையில் ஒவ்வொரு நாளும் ஒரு கூடாத நேரம் உண்டு. எங்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அம்மம்மாவை யாரோ எழுநூறு வருடத்துக்கு முன்னமே ஒளித்திருந்து பார்த்து எழுதியது போல இருந்தது.

பிறகு கரும்பலகையின் நடுவே ஒரு கோடு கீறினார். ஒரு பக்கம் 'கண்டது', மறுபக்கம் 'கேட்டது'. இனி வாசிக்கப் போகும் ஒவ்வொன்றும் எந்தப் பக்கம் என்று நாங்கள் சொல்லவேண்டும். அந்தமானில் நாய்முக மனிதர்? கேட்டது. கடன் கொடுத்தவன் கடனாளியைச் சுற்றி நிலத்தில் வட்டம் கீறினால், பணம் தராமல் அவன் அதைத் தாண்டக்கூடாது. குதிரையில் வந்த அரசனையே ஒரு வெளியூர் வியாபாரி வட்டத்துக்குள் நிறுத்தினான். இதைத் தானே பார்த்ததாகப் போலோ சொல்கிறார். கண்டது.

அப்போதுதான் பின்வாங்கிலிருந்து ஒருவன் எழும்பினான். "சேர், தனித்தனிப் பாத்திரம் எண்டால், எங்கடை ஊரிலை சில ஆக்களுக்குச் சிரட்டையிலை தண்ணி வார்க்கினமே, அதுவோ?"

வகுப்பு அடங்கிவிட்டது. மாஸ்ரர் மேசையில் இருந்த பேணியைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு வெண்கட்டியை எடுத்து 'கண்டது' என்ற பக்கத்தில் 'சிரட்டை' என்று எழுதினார். மணி அடிக்கும்வரை அதை அழிக்கவில்லை.

அடுத்த கிழமை மாண்டவில். 14ஆம் நூற்றாண்டின் நடுவில் வந்த நூல். தன்னை ஓர் ஆங்கில வீரன் என்று சொல்லிக்கொண்டவர், ஒடோரிக் போன்ற பாதிரிமார் எழுதியதை எடுத்து, ஒற்றைக்கால் மனிதர், நெஞ்சிலே முகமுள்ளவர் என்று கலந்து கட்டியது. கேட்டது என்ற பக்கம் நிரம்பி வழிந்தது. ஆனால் அதன் கையெழுத்துப் பிரதிகள் ஏறக்குறைய 300 மிஞ்சியிருக்கின்றன. போலோவுடையவை அதில் பாதியளவுதான்!

எங்களுக்கு அதிகம் பிடித்தது மொரோக்கோப் பயணி இபின் பதூதா. 1344இல் புத்தளத்தில் எங்கள் யாழ்ப்பாண அரசரான ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்தார். அரசர் பாரசீகம் விளங்கிக்கொண்டாராம். என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, சிவனொளிபாத மலையிலுள்ள பாதத்தைப் பார்க்கவேண்டும் என்றார். பல்லக்கும், வழிகாட்ட நான்கு யோகிகளும் கிடைத்தன. அரசரிடம் உள்ளங்கை அளவான மாணிக்கக் கிண்ணம் இருந்ததைப் பார்த்ததாகவும் சொல்கிறார். அது எந்தப் பக்கம் என்பதில் சண்டை. எங்கள் அரசர் என்றபடியால் நாங்கள் எல்லோரும் 'கண்டது' என்று கத்தினோம். மாஸ்ரர் கோட்டின் மேலேயே ஒரு கேள்விக்குறி போட்டார்.

1986 மாசியில் நான் ரொறன்ரோ வந்தேன். அம்மாவுக்கு எழுதிய முதல் கடிதம் ஐந்து பக்கம். நயாகரா உறைந்து கிடக்கிறது, சனம் அதன்மேல் நடந்து அமெரிக்காவுக்குப் போகுது என்று எழுதினேன். அறையில் கூட இருந்த பெடியன் சொன்னது. நயாகராவை நான் பார்த்தது மூன்று வருடம் கழித்து. அந்தப் பனிப்பாலத்தில் நடப்பதை 1912இலேயே நிறுத்திவிட்டார்கள் என்பதையும் அங்கேதான் அறிந்தேன்.

அம்மாவின் பதில் ஒன்றரை மாதத்தில் வந்தது. நயாகராவைப் பற்றி ஒரு சொல் இல்லை. "சோறு ஆர் சமைக்கிறது? எத்தினை பேர் ஒரு அறையிலை? தண்ணி சுடவைச்சுத்தானே குடிக்கிறாய்?"

ஏழு பேர், அம்மா. குழாய்த் தண்ணி. கழுவின ஜாம் போத்தலிலை.