தோமாவும் கூட இருந்தான்

அப்பா போய் ஏழு மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை காலையில் அம்மா கேட்டாள்: "பரங்கிமலைக்குப் போயிட்டு வருவோமா மக்களே?"

எனக்கு ஆச்சரியம். நாங்கள் நாகர்கோவில் பக்கம், மூன்று தலைமுறையாக சி.எஸ்.ஐ. என்கிற புராட்டஸ்டண்ட் சபை. மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றுகிற வழக்கம் வீட்டில் கிடையாது. வேளாங்கண்ணிக்குக்கூடப் போனதில்லை. ஆனால் நான் ஆலயத்துக்குப் போவதை நிறுத்தி ஐந்து மாதம் ஆகியிருந்தது. அதைப் பற்றி அம்மா ஒரு வார்த்தை பேசியதில்லை. இது அவள் போட்ட கணக்கு என்று புரிந்தது.

நிறுத்தியதற்குக் காரணம் சின்னதுதான். வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ், வெள்ளிதோறும் உபவாசம், ஜெபக்குழு என்று ஒன்றரை வருடம் ஓடியது. அப்பா பிழைக்கவில்லை. அடக்கம் முடிந்த இரண்டு மாதத்தில், வீட்டு ஜெபத்துக்கு வந்த ஒருவர் அம்மாவை வைத்துக்கொண்டே, "இன்னும் கொஞ்சம் விசுவாசம் இருந்திருக்கலாம்" என்றார். டீ குடித்துக்கொண்டே சொன்னார்.

மலை உயரம் சுமார் முந்நூறு அடிதான். ஆட்டோ மேலேயே போகும். அம்மா படியில்தான் ஏறுவேன் என்றாள். இந்தப் படிகளைப் போட்டவர் அர்மேனிய வணிகர் கோஜா பெத்ருஸ் உஸ்கான். வழி நெடுக, இயேசு சிலுவை சுமந்து போனதைக் காட்டும் சிலுவைப்பாதை நிலைகள். இயேசு மூன்றாம் முறை விழுகிற ஒன்பதாம் நிலை வந்ததும் அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "அவரே விழுந்துட்டாரு, நான் உக்காரக் கூடாதா?"

மேலே கோயில் சின்னது. 1523-இல் போர்த்துகீசியர் கட்டியது. பீடத்தில் ஒரு கற்சிலுவை. 1547-இல் மண்ணுக்கடியில் கிடைத்ததாம். 1558 டிசம்பர் 18 அன்று பூசை நேரத்தில் அதில் இரத்தம் வியர்த்தது என்கிறார்கள். இயேசுவின் சீஷர் தோமா தம் கையால் செதுக்கியது என்பது மரபு. சுற்றியுள்ள பஹ்லவி என்கிற பழைய பாரசீக எழுத்தோ அவர் காலத்துக்குப் பல நூற்றாண்டு பிந்தியது. எனக்கு இரண்டு பக்கமும் முழு நம்பிக்கை வரவில்லை. பரவாயில்லை, இந்த மலையில் நின்று சந்தேகப்பட்டால் தோமா கோபிக்க மாட்டார்.

வெளியே நிழலில் உட்கார்ந்தோம். கீழே மீனம்பாக்கத்தில் விமானம் இறங்கிக்கொண்டிருந்தது. அம்மா பையிலிருந்து வேதாகமத்தை எடுத்து யோவான் 20-ஐப் பிரித்து என் மடியில் வைத்தாள். ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்த பகுதி. உயிர்த்தெழுந்த இயேசுவை மற்றச் சீஷர்கள் கண்டபோது தோமா அங்கே இல்லை. ஆணிக்காயத்தைக் கண்டு விரலை விட்டுப் பார்த்தாலொழிய விசுவாசிக்க மாட்டேன் என்கிறான் தோமா. அடுத்த வசனத்தை அன்றுதான் நிறுத்திப் படித்தேன். எட்டு நாளைக்குப்பின்பு சீஷர்கள் வீட்டுக்குள்ளே இருந்தார்கள், "தோமாவும் அவர்களுடனேகூட இருந்தான்."

எட்டு நாள்! மற்றப் பத்துப் பேரும் கண்டுவிட்ட சந்தோஷத்தில் இருந்திருப்பார்கள். இவன் ஒருவன் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அதே வீட்டில் சாப்பிட்டுப் படுத்திருக்கிறான். இறந்துபோன லாசருவின் வீட்டுக்கு இயேசு கிளம்பியபோது, "அவரோடேகூட மரிக்கும்படி நாமும் போவோம்" என்று சொன்ன ஆள். அவ்வளவு நம்பியவனுக்குத்தானே அவ்வளவு அடி விழும்? அவனை யாரும் வெளியே போகச் சொன்னதாக எழுதவில்லை. மூன்று முறை மறுதலித்த பேதுரு எந்த வாயால் சொல்வார்?

இன்னொன்றும் கண்ணில் பட்டது. இயேசு வந்ததும், உன் விரலை நீட்டு, உன் கையை என் விலாவிலே போடு என்கிறார். எல்லாம் தோமா சொன்ன அதே சொற்கள். அவன் முரண்டு பிடித்தபோது அவர் அந்த அறையில் இல்லை. ஆனாலும் கேட்டிருக்கிறார். தோமா உண்மையில் தொட்டானா என்று யோவான் சொல்லவே இல்லை.

திரும்ப உள்ளே போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். ஸ்தோத்திரம் எதுவும் வாயில் வரவில்லை. "ஒன்றரை வருஷம் கேட்டோமே, நீர் என்ன செய்துகொண்டிருந்தீர்?" என்றேன், கொஞ்சம் சத்தமாகவே. முன்னால் இருந்த ஒரு பாட்டி திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி ஜெபமாலையை உருட்டத் தொடங்கினார். பதில் வரவில்லை. ஆனால் ஏழு மாதத்தில் நான் அவரிடம் பேசிய முதல் வார்த்தை அது.

இறங்கும்போது அம்மாவிடம் சொன்னேன். அவள் சிரித்தாள். "நான் தினமும் ராத்திரி அதத்தான் கேக்கேன். 'கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்'னு தாவீதே கேட்டிருக்காரே."

ஒன்பதாம் நிலையில் மறுபடி உட்கார்ந்தாள்.

"நாளைக்கு ஆராதனை எட்டரைக்கு. வாறியா?"

"பாட்டெல்லாம் பாட மாட்டேன்."

"பாடாண்டாம். எம்பக்கத்துல உக்காரு, போதும்."